கறுப்பாகிப்போன வட்டம்

1

ஒட்டுக்கேட்டதில் கிடைத்த கதை இது. ஆஸ்பத்திரியில் என் முறைக்குக் காத்திருந்தேன். பக்கத்து அறையில் யாரோ, "இருக்கு. ஆனா..." என்றார். கதவு மூடிக்கொண்டது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வந்தது என்று தெரியாமல் மண்டை காய்ந்தது. சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவள்—'

(வேண்டாம். யார் கதையில்தான் மழை பெய்யவில்லை?)

இரண்டாவது: ஓர் அக்கா, ஒரு தங்கை. ஆஸ்பத்திரியின் மரபணுப் பிரிவில் நோயாளிகளின் குடும்ப வரைபடம் போடுவது தங்கையின் வேலை. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. நோய்க்கு வழிவிடும் மரபணு மட்டும் இருந்தால், அங்கே வழக்கப்படி, நடுவில் ஒரு புள்ளி. பதினோரு வருடம் பழகிய கை.

இது நிற்கும். மேலே போவோம்.

அக்கா தையல்காரி. இரண்டு வருடமாக மல்டிபிள் ஸ்க்லரோசிஸ். நரம்பின் மேலுறை அரித்துப்போய், கத்தரிக்கோல் விரலில் நிற்பதில்லை.

3

தங்கையும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாள். மரபணு இருக்கிறது. ஆனால், அது உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. கூடப் பிறந்தவளுக்கு வந்திருப்பதால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அப்போதும் நூற்றில் சில பேருக்குத்தான்.

(இதை எத்தனையோ பேருக்கு டாக்டர் சொல்லக் கேட்டவள்தான். 'இருக்கு' என்றதுமே அவர்களுக்குக் காது அடைத்துவிடும். அவளுக்கும் அடைத்தது.)

கோப்புக்காகத் தன் குடும்பத்தை வீட்டு மேசையில் வரைந்தாள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது? உனக்கும் வந்துடுச்சா?"

தங்கை குனிந்து பார்த்தாள். இரண்டு வட்டமும் கறுப்பு.

"ஐயோ, இல்லக்கா! புள்ளிதான் வைக்கணும். கை தவறிடுச்சு."

"பதினோரு வருஷமா தவறாத கையா?"

தங்கை பயந்திருந்தாள். சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பயந்திருந்தாள். அக்காவுக்கு அது புரிந்துவிட்டது.

"ரப்பரக் குடு. புள்ளியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அழுத்தித் தேய்த்தாள். விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. வட்டத்தோடு, இருவரையும் இணைத்த கோடும் சேர்ந்து அழிந்தது.

இரண்டு பேரும் அந்த வெள்ளை இடத்தையே பார்த்தார்கள்.

"மொதல்ல கோட்டப் போடு," என்றாள் அக்கா.

4

முடிவு ஒன்று: பத்து வருடம் கழித்து, தங்கைக்கு—

(அடித்துவிட்டேன். டாக்டருக்கே தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?)

முடிவு இரண்டு உங்களுடையது. இந்தாருங்கள் பென்சில். வட்டத்துக்குள் புள்ளி வைப்பதோ, வெறுமனே விடுவதோ உங்கள் பாடு. கோட்டை மட்டும் நான் போட்டுவிட்டேன். அதில் கை வைக்காதீர்கள்.