மினாராவைக் கண்டு நுழைந்தவன்

சோறு பரப்பிய பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோழியின் நல்ல துண்டுகளெல்லாம் றிஸானின் பக்கமே வந்து சேர்ந்தன. முத்தலிப் தன் கையாலேயே ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். இருதய ஒப்பரேசன் முடிந்து எழும்பிய பிறகு காத்தான்குடியில் தன் வீட்டில் அவர் கொடுக்கிற முதல் விருந்து இது. அதுவும் றிஸானுக்காகக் கொடுக்கிற விருந்து. றிஸான் அவருடைய மனைவி நிஸ்றாவின் தங்கையைக் கட்டியவன். சரக்குக் கப்பலொன்றின் குசினியில் சமைக்கிறவன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முந்தாநாள்தான் ஊருக்கு வந்திருந்தான்.

"தின்னுங்க தம்பி. ஒங்கட துஆவாலதான் நான் இண்டைக்கு இந்தச் சோத்துல கை வெச்சிரிக்கன்."

றிஸான் பிசைந்த சோற்றையே திரும்பவும் பிசைந்தான். அவன் துஆவே கேட்டிருக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு முத்தலிப் கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, றிஸானின் கப்பல் கிரேக்க நாட்டில் தெசலோனிக்கித் துறைமுகத்தில் நின்றது. பயணத்தில் இருக்கிறவனின் துஆவை அல்லாஹ் மறுக்கமாட்டான் என்பது ஊரார் நம்பிக்கை. அதனால் கடல் கடக்கிற எவனும் நாலு பேருடைய வேண்டுதலைச் சுமக்காமல் ஊரை விட்டுப் போக முடியாது. நிஸ்றா போனில் அழுதாள். "பள்ளி ஒண்டக் கண்டா ரெண்டு றக்அத் தொழுதுட்டு அவருக்காகக் கேளுங்க மச்சான்." "ஓம் மதினி" என்றான் றிஸான். அப்போது அவன் சொன்னது சத்தியமாக மனதிலிருந்து வந்ததுதான்.

கரையில் இறங்க ஒரு பகல்தான் கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழைய நகரம் என்று கப்பலில் சொல்லியிருந்தார்கள். கடற்கரைத் தெருவால் நடந்து, பழைய கல்வளைவு ஒன்றைத் தாண்டி மேலே ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான். வட்டமான பெரிய செங்கல் கட்டடம். அதன் பக்கத்தில் உயரமாக ஒரு மினாரா. மினாராவைக் கண்டால் காத்தான்குடியானுக்குப் பள்ளிவாசலைத் தவிர வேறு என்ன தோன்றும்? வாசலில் காசு வாங்கினார்கள். பள்ளி நிதிக்குத்தான் என்று நினைத்து மிச்சத்தையும் வேண்டாமென்றான். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போய், தொழுமுன் கை கால் கழுவி ஒழுச் செய்ய ஹவுள் தொட்டியைத் தேடினான். ஹவுள் இல்லை. போத்தல் தண்ணீரை மூலையில் சிந்தி ஒழுவை முடித்தான். போனில் கிப்லாத் திசை பார்த்து, துவாயை விரித்து, கைகளைக் காதுவரை உயர்த்தினான்.

சீருடை போட்ட பெண்ணொருத்தி வந்து மெல்லத் தலையசைத்தாள். "நோ சேர். மியூசியம்."

அண்ணாந்து பார்த்தான். கூரையெங்கும் பொன்னிறச் சித்திரங்கள், நீண்ட அங்கி போட்ட மனிதர்கள். ஒரு காலத்தில் கிறிஸ்தவக் கோவிலாக இருந்து, பிறகு பள்ளியாகி, இப்போது பார்வைக்கு வைத்த கட்டடம் அது. சுற்றுலாப் பயணிகள் சிலர் அவனுடைய வெறுங்காலைப் பார்த்தார்கள். ஒருத்தர் படமும் எடுத்தார். றிஸான் சப்பாத்து நாடாவைக்கூடக் கட்டாமல் வெளியே ஓடினான். அந்த வெட்கத்தில் எங்காவது ஒரு மரத்தடியில் தொழுதிருக்கலாம். அதைச் செய்யவில்லை. மனதை ஆற்றுவதற்கென்று எள்ளு ஒட்டிய வளைய ரொட்டி வாங்கித் தின்றான். கடற்கரையில் நின்ற வெள்ளைக் கோபுரத்தில் ஏறினான். நூதனசாலையில் தங்க இலைகளால் செய்த மணிமுடிகளைப் பார்த்து வாயைப் பிளந்தான். முப்பது நாற்பது செல்ஃபி எடுத்தான். பின்னேரம் கப்பலுக்குத் திரும்பும்போது முத்தலிப் அவன் நினைவில் மருந்துக்கும் இல்லை.

அப்போதுதான் மனைவி ஸஹீதா அழைத்தாள். "நிஸ்றா றாத்தா பக்கத்துல இரிக்கா. துஆ கேட்டீங்களான்டு கேக்கா."

"ஓம், கேட்டன். பெரிய பழைய பள்ளி. மினாராவோட."

பொய் சொன்னதோடு விட்டானா? மினாராவோடு எடுத்திருந்த படத்தையும் அனுப்பினான்.

இப்போது அந்தப் படம் முத்தலிப்பின் மண்டபச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முதுகு காட்டித்தான் றிஸான் உட்கார்ந்திருந்தான். உண்டுவிட்டுப் போய்விடுவோம், இவரும் நன்றாகிவிட்டார், யாருக்கு என்ன நட்டம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தான்.

உள்வாசலில் பெண்கள் நின்றார்கள். பக்கத்து வீட்டு றுமானா நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்து றிஸானை அண்ணன் முறையில் கூப்பிட்டாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"காக்கா, இவட இருதயத்துல ஓட்டை. வாற கிழமை ஒப்பரேசனுக்குத் திகதி தந்திரிக்காங்க. நான் இன்னும் ஓம் செல்லல்ல. நீங்க திரும்பிப் போய் அந்தப் பள்ளியில இவக்கும் கேளுங்க. அதுக்குப் பொறகு ஒப்பரேசன வெச்சிக்குவம். முத்தலிப் காக்காக்கும் அப்பிடித்தானே நடந்த?"

றிஸான் பிள்ளையைப் பார்த்தான். அது மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு அவனுடைய கோழித் துண்டையே பார்த்தது. தன்னுடைய பொய் ஒரு பிள்ளையின் வைத்தியத்துக்குக் குறுக்கே நிற்கிறதென்று அவனுக்கு விளங்கியது.

"தங்கச்சி, திகதியப் பிந்த விடாதீங்க." றிஸான் திரும்பிச் சுவரிலிருந்த படத்தைக் காட்டினான். "அது பள்ளி இல்ல. மியூசியம். என்னத் தொழ விடல்ல. நான் வேற எங்கயும் தொழவும் இல்ல. ஊர் சுத்திப் பாத்தன். மறந்துட்டன். மதினிக்கிட்டப் பொய் சென்னன்."

சஹனில் இருந்த கைகளெல்லாம் நின்றன. முத்தலிப் தன் கையை மெதுவாக வெளியே எடுத்தார். அவர் ஏசியிருந்தால் றிஸானுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நிஸ்றாதான் பேசினாள். "ஒப்பரேசன் வேணாமெண்டு மூணு நாளா நிண்ட நான். ஸஹீதா போன வெச்ச ஒடன கையெழுத்து வெச்சன். ஒங்கட சொல்ல நம்பி வெச்சன் மச்சான். இவர் மௌத்தாப் போயிருந்தா?"

றிஸானுக்கு வெட்கம் காதுமடல்வரை சுட்டது.

றுமானா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "நாளைக்கே ஓம் சென்னுடுறன்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அப்ப... இப்ப கேப்பீங்களா காக்கா?" என்றாள்.

இவ்வளவுக்குப் பிறகும் தன்னிடமா? கை கழுவிவிட்டு வந்து றிஸான் இரண்டு கைகளையும் ஏந்தினான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"சத்தமா ஓதுங்க மச்சான்" என்றாள் நிஸ்றா. "இந்த முறை எங்கட காதுலயும் விழணும்."