நாற்பத்திரண்டாவது மீட்டர்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, பதினான்காம் எண் வீட்டின் பின்பக்கத்தில் தோண்டப்பட்ட துளை நாற்பத்திரண்டு மீட்டர் ஆழத்தை எட்டியபோது, உள்ளே செலுத்திய தண்ணீர் மேலே திரும்பி வரவில்லை.

அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இயந்திரம் களிமண் கரைத்த தண்ணீரைத் துளைக்குள் அனுப்பும். அது கீழே அரைபட்ட கல்லை வாரிக்கொண்டு ஓரமாக ஏறி வந்து தகரத் தொட்டியில் விழும். இரண்டு நாட்களாக அலமாரியில் தட்டுகள் நடுங்கிக்கொண்டே இருந்ததில் வீடு அந்த நடுக்கத்துக்கே பழகிவிட்டிருந்தது. இப்போது தொட்டி மளமளவென்று வற்றியது. துளை போட வந்த போர்க்காரர் கையைத் தூக்க, இயந்திரம் நின்றது. அவர் துளையின் விளிம்பில் மண்டியிட்டு, கிணற்றில் விழுந்த சாவியைத் தேடுகிறவர் போல உள்ளே பார்த்தார்.

"கீழ வெடிப்பு இருக்கும்மா. தண்ணி எங்கயோ கிளம்பிப் போயிடுச்சு. பக்கத்துல கிணறு ஏதாவது இருக்கா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த அவள், "இல்லையே," என்றாள்.

மூன்று வாரம் முன்பு படிவத்திலும் அதையேதான் எழுதியிருந்தாள். முப்பது மீட்டருக்குள் கிணறு உண்டா என்று கேட்கும் ஏழாவது கட்டம். நகராட்சியின் அனுமதிப் பிரிவில் அவளுக்குப் பன்னிரண்டு வருட வேலை. மற்றவர்கள் நிரப்பிய படிவங்களில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். சாலை அகலத்தைக் கூட்டி எழுதுகிறவர்கள், மரத்தை மறைக்கிறவர்கள், மாடியை மறந்துபோகிறவர்கள் எல்லோரையும் எழுத்தின் சாய்வை வைத்தே பிடித்துவிடுவாள். ஏழாவது கட்டத்தை யாரும் நேரில் வந்து சரிபார்ப்பதில்லை என்பது அந்த அலுவலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும். அவள் அதில் ஒருத்தி. 'உண்டு' என்று எழுதினால் விண்ணப்பம் நீர்வளத் துறைக்குப் போய்த் திரும்ப நான்கு மாதம். அதற்குள் கோடை முடிந்துவிடும்.

கிணறு பதினொரு மீட்டரில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு லாண்டரி அக்காவின் கொட்டகைக்குள், இரும்பு மூடிக்குக் கீழே. துணி துவைக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.

படிவத்தை நிரப்பியவளின் மகளுக்குப் பத்து வயது. வியர்க்காது. பிறவியிலேயே வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெயில் ஏறினால் உடம்பும் அதோடு சேர்ந்து ஏறும். முப்பத்தொன்பதைத் தாண்டினால் கண் சொருகும். அதனால் எப்போதும் நனைத்த பனியனோடு, கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு, போகிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தடம் விட்டுக்கொண்டே திரிவாள். அவளுக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தவளே லாண்டரி அக்காதான். கோடையில் தினமும் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போய்விடும் அந்தத் தெருவில் ஜெனரேட்டர் இருந்த ஒரே இடம் அவளுடைய லாண்டரி. போன கோடை முழுக்க வாத்து அங்கே துணி மடிக்கும் அறையின் ஏ.சி.யில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, வீட்டுப்பாடம் எழுதினாள். அக்கா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு இன்னொருத்தி வீட்டுக் கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்பது தட்டுகிறவளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வெளியூர் போனால் என்ன செய்வது, ஜெனரேட்டர் பழுதானால் என்ன செய்வது என்று அவள் மனம் குளிர்காலத்திலேயே கோடையை எண்ணிக்கொண்டிருந்தது.

வீட்டைக் குளிர்விக்கும் இந்தத் துளை ஏற்பாட்டைக் கண்டுபிடித்து வந்தவன் கணவன். நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். போகிற ஊரில் எதையாவது பார்த்துவிட்டு வந்து சொல்வான். "பூமிக்கு அடியில வெயிலும் கிடையாது, பனியும் கிடையாது. எப்பவும் ஒரே மாதிரி. தொண்ணூறு மீட்டர் குழாய இறக்கித் தண்ணியச் சுத்த விட்டா, வீட்டுச் சூட்டை எடுத்துட்டுப் போய்க் கீழ விட்டுட்டு வந்துடும். குளிர்காலத்துல அதே குழாய் கீழருந்து சூட்டைக் கொண்டாந்து குடுக்கும். கரண்ட் கொஞ்சம்தான். பேட்டரியிலயே ஓடும்." அவள் நம்பாமல் பார்த்தபோது, "ஃப்ரிட்ஜுக்குள்ள குடியிருக்கப் போறோம்டி," என்று சிரித்தான். ஏழாவது கட்டத்தைப் பற்றி அவனிடமும் அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை போர்க்காரர் களிமண்ணை இன்னும் கெட்டியாகக் கரைத்து ஊற்றினார். வெடிப்பு பாதி அடைபட்டது. இயந்திரம் மறுபடி இறங்கத் தொடங்கியது. அன்று மாலை லாண்டரியின் துணி உலர்த்தும் கம்பிகளைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வெள்ளை விரிப்புகள் வெள்ளையாக இல்லை. சாயங்கால வெளிச்சம்தான் காரணம் என்று உள்ளே வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வாஷிங் மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவன் மூன்று மெஷினையும் பிரித்துப்போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் விழித்தான். "நல்லாப் பாருப்பா, வெள்ளையப் போட்டா காக்கி வருது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேனா, போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புறேனான்னு எனக்கே தெரியல," என்று அக்கா கத்துவது சுவர் தாண்டிக் கேட்டது. அவள் டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

சனிக்கிழமை மதியம் துளை தொண்ணூறு மீட்டரைத் தொட்டது. இரட்டைக் கறுப்புக் குழாயை மெதுவாக இறக்கினார்கள். போர்க்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு சிமெண்டுப் பால் ஊத்தி மூடிடலாம்மா. சாதாரணமா எட்டு மூட்டை போதும். இதுல இருபதுகூடப் போகும்."

"ஏன் அவ்வளவு?"

"அந்த வெடிப்பு சும்மா விடுமா? அது கேக்குற வரைக்கும் குடுக்கணும். குடுத்துட்டா இறுகிடும். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சொட்டு போகாது, வராது."

அன்று லாண்டரியிலிருந்து மகளை அழைத்துவரப் போனபோது அக்கா அவளைக் கொட்டகைக்குள் கூப்பிட்டாள். இரும்பு மூடி விலகியிருந்தது. வாளியில் இறைத்து வைத்திருந்த தண்ணீர், பால் குறைந்த டீயின் நிறத்தில் இருந்தது.

"முப்பது வருஷக் கிணறு. எனக்கு மாதிரி அதுக்கும் வயித்துக்கு ஒத்துக்கல போல," என்றாள் அக்கா. சிரிக்கத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. "ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு வாரம் பாப்பாங்களாம். அதுக்கப்புறம் வேற எடம் பாத்துக்குவாங்களாம்."

அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்து குனிந்து விரலால் தண்ணீரைத் தொட்டு, "அத்தை, இது ஜில்லுன்னுதான் இருக்கு, கலர்தான் மாறிடுச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் கணக்குப் போட்டாள். வெடிப்பு அந்தப் பக்கம்தான் போகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி? பூமிக்கு நான்கு திசை இருக்கிறது. சிமெண்டு இறுகினால் களிமண் வருவது நின்றுவிடும், தண்ணீர் தானே தெளிந்துவிடும். இல்லை, கிணற்றுக்கு ஊற்று வருவதே அந்த வெடிப்பு வழியாகத்தான் என்றால்? வேலையை நிறுத்தினால் வானிலைக்காரர்கள் சொல்லும் நாற்பத்தொரு டிகிரியை வாத்து எங்கே கழிப்பாள்? உண்மையைச் சொன்ன பிறகு எந்த முகத்தோடு பன்னிரண்டு மணிக்கு அந்தக் கதவைத் தட்டுவது? அலுவலகத்தில் யாராவது இப்படி ஒரு படிவத்தோடு வந்து நின்றிருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். கணவனுக்கு போன் செய்தாள். மலைப்பாதையில் இருந்தான். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு சிமெண்டுக் கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது. மூட்டைகள் வேலி ஓரமாக அடுக்கியிருந்தன. போர்க்காரர் குழலைத் துளைக்குள் விட்டு, வால்வில் கை வைத்தார்.

"நிறுத்துங்க," என்றாள். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. அருகில் போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "கிணறு இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கம்."

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு கலவையை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"நான் அன்னைக்கே கேட்டேனேம்மா. பேப்பர்லயும் நீங்க இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நீங்க எங்க வேலை பாக்குறீங்கன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு." அவர் வால்விலிருந்து கையை எடுத்து, குழலை மெதுவாக வெளியே இழுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. 

பதினொரு மணிக்குள் முடிவாயிற்று. அந்தத் துளையைக் கைவிட்டு, இறக்கிய குழாயை வெளியே உருவினார்கள். வெடிப்புக்குக் கீழே மட்டும் சிமெண்டு, வெடிப்பு இருக்கும் உயரத்துக்குச் சுத்தமான சரளைக்கல், அதற்கு மேலே களிமண் அடைப்பு. சரளை வழியாகத் தண்ணீர் எப்போதும் போல் ஓடும், கலங்கல் தெளிவதும் தெளியாததும் பூமியின் கையில் என்றார் போர்க்காரர். வீட்டின் முன்பக்க மூலை கிணற்றிலிருந்து முப்பத்திரண்டு மீட்டர், அங்கே தோண்டலாம், ஆனால் புது அனுமதி வேண்டும், இந்த முறை ஏழாவது கட்டத்தை அவரே நாடா பிடித்து அளந்து நிரப்புவார். இயந்திரத்துக்கு அடுத்து நாள் கிடைப்பது ஜூன் கடைசியில்.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போனது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியாகப் போனாள். அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், படிவத்தையும் சேர்த்து.

அக்கா ஒரு விரிப்பை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"புதன்கிழமையிலேருந்து."

"வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்தான். நீ அவனுக்கு டீ கொண்டாந்து குடுத்தே."

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். பழுப்பு நிறம் மடிப்புகளில் இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது.

"புள்ளை எங்க?"

"வீட்டுல. ஈரத்துணி சுத்தி உக்கார வெச்சிருக்கேன்."

"அனுப்பு. நீ கேட்டோட நின்னுக்கோ."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. பன்னிரண்டு மணிக்கு அவள் கேட் வரை கொண்டுவிடுவாள், வாத்து சொட்டிக்கொண்டே உள்ளே போவாள், நான்கு மணிக்குத் திரும்பி வருவாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவள் கேட்டதில்லை. அலுவலகத்தில் தன் படிவத்தைத் தானே எடுத்து, மேலதிகாரியின் மேசையில் ஒரு கடிதத்தோடு வைத்தாள். விசாரணைக்குத் தேதி வந்தது.

ஒவ்வொரு காலையும் அக்கா கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய தாளை ஒட்டி, இரு வீட்டுக்கும் நடுச்சுவரின் மேல் வைத்தாள். யாரும் பார்க்கச் சொல்லவில்லை. அவள் பார்த்தாள். பதினாறாம் தேதி பாட்டிலின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. பத்தொன்பதாம் தேதியும் இரண்டு விரல். ஆஸ்பத்திரி வேன் இருபத்தொன்றாம் தேதி வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி பாட்டிலில் வண்டல் ஒரு விரலுக்குச் சற்று அதிகம். அன்று வெயில் நாற்பத்தொன்று. சுவரின் மேல் பத்து பாட்டில்கள் இருந்தன.