பலகையில் இருந்த பிள்ளை

தங்கையின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் போலத் தங்கி, அது நல்லபடியாக முடிந்து, ஷின்ஷூ மலைப்பக்கத்திலிருந்து தோக்கியோவுக்குத் திரும்பிய யாசுயோ, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறிவிட்டாள். காரணம், தங்கை புருஷன் படித்துக் காட்டிய செய்தித்தாள். உவேனோ அருங்காட்சியகத்தில் நடக்கும் அச்சோவியக் கண்காட்சியில் குரிமோட்டோ ஹெய்ஜிக்கு இந்த ஆண்டின் பரிசு என்று நாலு வரி போட்டிருந்தது. ஹெய்ஜி அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். வருடக்கணக்காகத் தானே பலகை செதுக்கி, தானே மை தடவி, தானே தாளில் தேய்த்தெடுத்து, ஒவ்வொரு வசந்தத்திலும் கண்காட்சிக்கு அனுப்பி, ஒவ்வொரு வசந்தத்திலும் 'மற்றும் பலர்' என்ற கூட்டத்தில் ஒருவராக நின்றவர். இந்த மனுஷனுக்குப் பரிசா என்று யாசுயோவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. நேரில் சொல்லி அசத்த நினைத்திருப்பார், நாம் முந்திக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டாள்.

உவேனோ ரயில் நிலையத்துக்கு எதிரேதான் பூங்கா, அதற்குள்தான் அருங்காட்சியகம். செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து மரங்கள் பச்சைக்கு மாறியிருந்தன. ஒரு கையில் தங்கை கட்டிக்கொடுத்த கீரை ஊறுகாய், இன்னொரு கையில் துணிமூட்டை. அப்படியே அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாள். வாசலில் நின்றிருந்த ஓகிமுரா அவளைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். ஹெய்ஜியின் பழைய நண்பன், அவனும் அச்சோவியக்காரன், ஆள் பருமன், வாயோ அதைவிடப் பெரிசு.

"வாங்க அண்ணி, வாங்க. ஊறுகா வாசம் வந்தப்பவே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அவர் இல்லையா?"

"பரிசு வாங்கினவன் இங்க வருவானா? நாங்கதான் தோத்தவங்க, தினம் வந்து உக்காந்திருக்கோம். வாங்க, உங்க வீட்டுக்காரர் பண்ணின அக்கிரமத்தைக் காட்டறேன்."

போர் முடிந்து எட்டு வருடமாக இந்த அச்சோவியக்காரர் கூட்டத்தில் மலை, ஆறு, மனித முகம் என்று செதுக்குகிறவன் கொஞ்சம் இளக்காரமான ஆள்தான். கறுப்பாக ஒரு கட்டம், குறுக்கே ஒரு கீற்று, அதற்கு 'அசைவு' என்றோ 'மௌனம்' என்றோ ஒரு பெயர். அமெரிக்க அதிகாரிகளின் மனைவிமார் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வாங்கிப் போவார்கள். ஹெய்ஜி மட்டும் பிடிவாதமாகப் படகும் பாலமும் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் கட்சி மாறிவிட்டார் என்பதே யாசுயோவுக்குப் புதுச் செய்தி.

நடுச்சுவரில் தனியாக மாட்டியிருந்தார்கள். 'வடிவம்' என்று அடியில் சீட்டு. சாம்பல் நிறத்தில் மரத்தின் ரேகைகள் தாள் முழுக்க ஆற்று நீர்போல ஓடின. நடுவில் அந்த ஓட்டமெல்லாம் விலகி நிற்க, பெரிதாக ஒரு வெள்ளை. கீழே வளைந்த ஒரு கறுப்பு, அவ்வளவுதான்.

"இது என்னன்னு மட்டும் கேட்டுடாதீங்க அண்ணி. இப்பல்லாம் அப்படிக் கேட்டா கோவிச்சுக்கறாங்க," என்றான் ஓகிமுரா. "அந்த வெள்ளையைப் பாருங்க. ஒண்ணுமே இல்லாம விட்டிருக்கான். விடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? எனக்கு வயிறு எரியுது, நிஜமா சொல்றேன்."

யாசுயோ வெள்ளையைப் பார்க்கவில்லை. அதன் வலது ஓரத்தில், ரேகைகள் சுழித்து ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டிருந்தன. பாதாம் பருப்பு அளவில் கணு. அதன் கீழ்ப்பக்கம் ஒரு சின்னப் பிளவு. அந்தக் கணு அவளுக்குத் தெரியும். விரலால் தடவித் தடவித் தெரியும். அவள் தடவியது இடது பக்கத்தில் இருந்தது. ஆனால் பலகையில் இடதாக இருப்பது தாளில் வலதாகத்தான் விழும். அச்சோவியக்காரனின் பெண்டாட்டிக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?

ஊறுகாய்ப் பொட்டலம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஓகிமுரா குனிந்து எடுப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

அந்தக் கணு மினோருவின் காதோரம் இருந்த கணு. மினோரு அவர்களுடைய ஒரே பிள்ளை. போரின் கடைசிக் கோடையில், குண்டுக்குப் பயந்து ஷின்ஷூவுக்குப் போயிருந்தபோது, வயிற்றுப்போக்கில் ஐந்து வயதில் போய்விட்டான். அவன் படங்கள் எல்லாம் தோக்கியோ வீட்டோடு எரிந்துபோயின. மிஞ்சியது ஒரு பலகை. பள்ளிக்கூடத்து உடைந்த அலமாரியிலிருந்து கழற்றிய சிடார் பலகையில் ஹெய்ஜி பிள்ளையின் முகத்தைச் செதுக்கியிருந்தார். எடுத்த பிரதிகள் வீட்டில் எரிந்தன. பலகையை மட்டும், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, வேறு எதற்காவது ஆகும் என்று ஷின்ஷூவுக்குக் கூடவே எடுத்துப் போயிருந்தார்கள். இல்லாவிட்டால் அதுவும் சாம்பல்தான்.

அந்தப் பலகையைத்தான் யாசுயோ வீட்டுப் பூஜை மாடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். காலையில் தண்ணீர் வைத்து, ஊதுபத்தி ஏற்றி, மொட்டைத்தலையை, புருவத்து வடுவை, ஒரு பக்கமாகக் கோணும் சிரிப்பை விரலால் தடவிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள். தங்கை வீட்டுக்கும் எடுத்துப் போயிருப்பாள். பிள்ளை பிறக்கப் போகிற வீட்டுக்கு இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது சரியில்லை என்று வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு என்று உவேனோவிலிருந்து வீட்டுக்குப் போகும் ரயிலில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். வேறு பலகையாக இருக்கும், ஒரே மரத்துப் பலகைகளில் ஒரே மாதிரி கணு விழும் என்றும் நினைத்துப் பார்த்தாள். அதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேரே பூஜை மாடத்துக்குப் போனாள். தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. மினோருவின் பெயர் எழுதிய சின்ன நினைவுப் பட்டயம் இருந்தது. பலகை இல்லை.

ஹெய்ஜி வேலை அறையில் தரையில் உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை நின்றது.

"நாளைக்குத்தானே வர்றதா இருந்தே."

"மினோரு எங்க?"

அவர் தீட்டுக்கல்லைத் தள்ளி வைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். பிள்ளை எங்க?"

"உவேனோ போயிட்டு வர்றியா?"

"போயிட்டு வரேன். வெள்ளை ரொம்ப நல்லா இருக்காம். உங்க சிநேகிதருக்கு வயிறு எரியுதாம்." அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "ஊர்ல மரத்துக்கா பஞ்சம்? எம்பிள்ளை மூஞ்சிதானா கிடைச்சுது உங்களுக்கு?"

"யாசுயோ, உக்காரு."

"உக்கார மாட்டேன். மீதி எங்க? அதையாவது குடுங்க."

ஹெய்ஜி எழுந்து, மூலையில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த பலகையைத் திருப்பினார். மை ஊறிக் கறுத்திருந்தது. ரேகை எழும்பி வருவதற்காகக் கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தார். முகம் இருந்த இடம் ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளமாகத் தோண்டப்பட்டு வழவழவென்று இருந்தது. யாசுயோ பள்ளத்துக்குள் கை வைத்தாள். கண்ணில்லை, வடுவில்லை, வாயில்லை.

"ஒரு தாள் எடுத்திருக்கலாமே," என்றாள். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தாள். ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கறீங்க. எனக்கு ஒண்ணு எடுக்கத் தோணலையா?"

"எடுத்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா பயம். அவன் மூஞ்சியில மை தடவித் தேய்க்கக் கை வரல. இந்தப் பிப்ரவரியில, அவன் பொறந்த மாசமாச்சேன்னு மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒண்ணு எடுத்தேன். உனக்குக் குடுக்கத்தான். இங்க கொடியில காயப்போட்டிருந்தேன். நீ டீ கொண்டு வந்தே."

"நான் பாக்கலையே."

"பாத்தே. நின்னு பாத்தே. 'இது யார் வீட்டுப் பையன்? நம்ம மினோரு ஜாடை கொஞ்சம் அடிக்குதே'ன்னு கேட்டே."

யாசுயோ கொடியைப் பார்த்தாள். டீ கொண்டு வந்தது நினைவிருந்தது. கொடியில் ஏதோ ஒரு பையனின் முகம் தொங்கியதும் நினைவு வந்தது. ஓகிமுராவின் மகனை வரைந்திருக்கிறார் போல என்று நினைத்ததும் வந்தது.

"பொய் சொல்றீங்க."

"நான் வாயடைச்சுப் போயிட்டேன். நீ 'மூக்கு நல்லா வந்திருக்கு'ன்னுட்டுக் கிளம்பிப் போயிட்டே." ஹெய்ஜி உளியைக் கீழே வைத்தார். "அவனுக்கு வடு எந்தப் புருவத்துல, சொல்லு?"

"வலது புருவம். கிணத்தடியில விழுந்தான். தினம் தடவிப் பாக்கறவ நான், எனக்குத் தெரியாதா?"

"இடது. நீ தடவினது பலகையை. பலகையில எல்லாம் மாறி இருக்கும், யாசுயோ. இத்தனை வருஷமா நீ திருப்பிப் போட்ட பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே. நெஜப் பிள்ளை எதிர்ல வந்தான், யாருன்னு கேட்டே. அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் நம்ம பையன் உனக்குத் திரும்பிக் கிடைக்க மாட்டான்னு தோணுச்சு. நீ ஊருக்குப் போற வரைக்கும் காத்திருந்து வெட்டினேன்."

"வெட்டிட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவீங்களா?"

அவர் தலை குனிந்தார். "அடுப்புல போட மனசு வரல. மை தடவி ஒரு தடவை அழுத்திப் பாத்தேன். நல்லா வந்துது. நான் எடுத்ததிலேயே அதான் நல்லா வந்துது. அனுப்பிட்டேன். அதுக்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

அதற்கான ஏச்சு அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைவிட அவசரமான ஒன்று இருந்தது.

"அந்தத் தாள்?"

தாள் அடுக்கின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். யாசுயோ ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மொட்டைத்தலைப் பையன் ஒருவன். வடு இருந்தது, கோணல் சிரிப்பு இருந்தது, கணுகூடக் காதோரத்தில் இருந்தது. அழகான பையன்தான். ஆனால் அவன் யாரோ. பார்க்கப் பார்க்க யாரோவாகவே இருந்தான். பெற்றவளுக்கு இது நடக்குமா என்று தாளை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. செதுக்குவதற்கு முன் வரைந்த படம் திரும்பினால் எப்படி இருக்கும் என்று ஹெய்ஜி பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அவள் தாளை அதன் முன் பிடித்தாள்.

"இதோ," என்றாள் மூச்சு வாங்க. "இதோ இருக்கானே. இதான் மினோரு. நான் சொல்லல?"

ஹெய்ஜி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. கண்ணாடிக்குள் இருந்த பையன் வலது புருவ வடுவோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு பையனை அவள் பெறவே இல்லை.

கை தானாகக் கீழே இறங்கியது.

பிறகு அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பூஜை மாடத்தில், பலகை இருந்த இடத்தில் சாய்த்து வைத்தாள். தண்ணீரை மாற்றினாள். ஊதுபத்தி ஏற்றினாள். மண்டியிட்டு, தினமும் கூப்பிடுவதுபோல் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடாமல் நிறுத்திக்கொண்டாள். அடுத்த வீட்டுப் பிள்ளையை உரிமை எடுத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.