எட்டு நாள் நீடித்த புள்ளி

கடைசிப் புள்ளி எட்டு நாள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அடிக்கத் தொடங்கிய பந்து, மறு வாரம் திங்கட்கிழமை நாலு மணிக்குத்தான் நின்றது. நடுவில் ஒரு முறை நல்ல மழை பெய்தது. இரண்டு முறை மின்சாரம் போனது, அப்போது ஆடியவர்கள் இருவரும் பந்தின் சத்தத்தை வைத்தே ஆடினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் புதன்கிழமையோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் அலுவலகம் போகாமலே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

ஸ்குவாஷ் ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும் என்றால், நாலு சுவருக்குள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒரே சிறு பந்தை முன்சுவரில் அடிப்பார்கள். பின்சுவர் மட்டும் கண்ணாடி. அதற்கு வெளியே படிப்படியாகப் பெஞ்சுகள், நடுவில் உயரமாக நடுவரின் நாற்காலி. உள்ளூர் கிளப்பும் பக்கத்து நகரத்துக் கிளப்பும் வருஷத்துக்கு ஒரு முறை, அணிக்கு ஐந்து பேராக மோதுவார்கள். பத்தொன்பது வருஷமாக உள்ளூர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் தோற்றது, ஒரு வருஷம்கூட மானம் போகிற மாதிரித் தோற்றதில்லை. அதுதான் பெரிய எரிச்சல்.

உள்ளூர் அணிக்குக் குரல் கொடுப்பவர்களில் முதல் ஆள் கண்ணாடிக்காரம்மா. கண் சோதித்து மூக்குக்கண்ணாடி போட்டுத்தரும் கடை அவருடையது. கடையில் பேசும்போது கிசுகிசு என்றுதான் பேசுவார், ஆனால் கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அவர் பக்கத்தில் யாரும் காது கொடுத்து உட்கார முடியாது. ஒரே மகன், இருபத்து நாலு வயது, குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். அவனுக்கு எட்டு வயதில் கிட்டப்பார்வை என்று கண்டுபிடித்ததும் அவர்தான், அன்றிலிருந்து அவனுக்கு லென்ஸ் தேய்த்துப் போடுவதும் அவர்தான். போட்டிக்கு முந்தின வாரம்தான் புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் மகன் நாலாவது ஆளாக ஆடினான். தன் ஐந்து ஆட்டத்தில் முதல் இரண்டையும் அனாயாசமாக ஜெயித்துவிட்டு அடுத்த மூன்றையும் கோட்டைவிட்டான். அதோடு அணிகளின் கணக்கு இரண்டுக்கு இரண்டு ஆனது. தோற்றவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஜோடிக்கு நடுவராக உட்காரவேண்டும் என்பது அந்தக் கிளப்புகளின் வழக்கம், ஆகவே அவன் ஈரச் சட்டையோடு நாற்காலியில் ஏறினான். ஐந்தாவதாக உள்ளூருக்கு ஆடியவர் பேக்கரிக்காரர், வயது நாற்பத்து மூன்று. எதிரில் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வாலிபன் ஒருவன், நெடுநெடுவென்று இருந்தான். அதிலும் கடைசி ஆட்டம் வரை இழுத்து, பேக்கரிக்காரர் பத்து, மீட்டர்காரன் ஒன்பது என்று நின்றது. பதினொன்று எடுத்தால் ஜெயம், பத்துக்குப் பத்து ஆகிவிட்டால் இரண்டு புள்ளி முன்னே போகவேண்டும். பேக்கரிக்காரர் பந்தைப் போட்டார். எட்டு நாள் ஓடியது அந்தப் பந்துதான்.

பந்து ஓடும்போது பார்ப்பவர்கள் மூச்சு விடலாம், சத்தம் போடக்கூடாது. அந்த விதியை யாரும் மீறவில்லை. முதல் நாள் எல்லோரும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள், இரண்டாம் நாளிலிருந்து வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஊரே ரகசியம் பேசப் பழகிக்கொண்டது. உள்ளே இருவருக்கும் தாடி வளர்ந்தது. பேக்கரியை அவருடைய மனைவி நடத்தினார், ரொட்டி முன்னைவிட நன்றாக இருப்பதாகப் பேச்சு, ஆனால் பிற்பாடு அதைப் பேக்கரிக்காரரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை. கண்ணாடிக்காரம்மா தினமும் மூன்று வேளை மகனுக்கு டம்ளரில் டீ நீட்டினார். அவன் கையை மட்டும் கீழே நீட்டி வாங்கிக் குடித்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பந்தையே பார்த்தான். கத்தவேண்டிய கத்தலையெல்லாம் அந்தம்மா விழுங்கிக்கொண்டே இருந்தார். ஆறாம் நாள் அவருடைய ரவிக்கையின் கொக்கி இரண்டு தெறித்தது. மார்புக்கூடு ஒன்றரை அங்குலம் பெருத்திருப்பதாகத் தையற்காரர் அளந்து சொன்னார், வேறொன்றும் கேட்கவில்லை.

எட்டு நாள் முடிந்து, திங்கட்கிழமை நாலு மணிக்குப் பேக்கரிக்காரர் பந்தை மெல்லத் தட்டிவிட்டார். அது முன்சுவரைத் தொட்டு மூலையில் விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது. ஓடி வந்த மீட்டர்காரன் பாதியில் நின்று மட்டையைத் தூக்கினான்.

"லெட் வேணும்."

எதிராளி வழியில் நின்றதால் பந்தை எட்ட முடியவில்லை, புள்ளியை மறுபடி ஆடவேண்டும் என்று பொருள். கொடுப்பதும் மறுப்பதும் நடுவர் கையில். பேக்கரிக்காரரின் இடது கால் ஒரு செருப்பளவு வழியில் இருந்தது. கண்ணாடிக்காரம்மா அதைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த மற்ற யாரும் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பத்தொன்பது வருஷம் கண்ணை மறைத்தது. மகன் மட்டும் அதைப் பார்க்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு நொடி நினைத்ததாக அந்தம்மாவே பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த லென்ஸ் அவர் கையால் தேய்த்தது. செருப்பு என்ன, கொசுவின் கால் இருந்திருந்தாலும் தப்பாது.

"கால் வழியில இருந்துச்சு," என்றான் மகன். "லெட். பத்து, ஒன்பது. மறுபடி ஆடுங்க."

எட்டு நாள் அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் அவன் தலையில் வந்து இறங்கியது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. கண்ணு தெரியாதவனைத் தூக்கி மேல உக்கார வெச்சா இப்படித்தான் என்றார்கள். தான் தோத்தது போதாதுன்னு நம்மளையும் சேத்துக் கவுத்துட்டான் என்றார்கள். அவன் அசையவில்லை. சத்தம் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஆடச் சொன்னான். அதன்பின் எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பதினொன்று, பத்துக்குப் பன்னிரண்டு. இருபதாவது வருஷமும் தோற்றாகிவிட்டது.

பேக்கரிக்காரர் வெளியே வந்து, "சத்தியமா என் கால் அங்க இல்லப்பா," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எட்டு நாள் ஓடியவருக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று அப்போதும் தெரியாது. கூட்டம் நாற்காலியைச் சுற்றிக்கொண்டது. அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டால் இனி அந்த ஊரில் அவன் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இருக்காது, குடிநீர் அலுவலகத்தில் அவன் எழுதிக் கொடுக்கும் ரசீதைக்கூட இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். அது அவனுக்கும் தெரியும். எட்டு நாளில் முதல் முறையாக அவன் பார்வையை இறக்கி, பெஞ்சில் இருந்த அம்மாவைத் தேடினான்.

"அம்மா, நீ பாத்தியா?"

"நீங்களே சொல்லுங்கம்மா," என்றார் பேக்கரிக்காரர். "நம்ம ஊருக்காக உங்கள மாதிரி கத்துனவங்க யாரு? என் கால் அங்க இருந்துச்சா?"

அந்தம்மா மட்டும் அதுவரை வாயே திறந்திருக்கவில்லை. எட்டு நாள் கத்தலும் முழுசாக உள்ளே இருந்தது. ஜெயித்தால் கத்துவதற்கென்று வைத்திருந்தது, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. தோற்ற வருத்தம் அவருக்கும் இருந்தது. ஆனால் மேலே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தபோது, இவன் நான் பெற்ற பிள்ளை என்ற பெருமை நெஞ்சு கொள்ளாமல் வந்தது. அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இருந்துச்சு," என்றார்.

அந்த ஒரு சொல் கிளப்பின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனது. பள்ளிக்கூடத்தில் கேட்டது, மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் கேட்டது, ரயில் பாலத்தைத் தாண்டி மரக்கிடங்கில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பக்கத்து நகரத்தில் நாலேகாலுக்குக் கேட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். பேக்கரிக்காரர் குனிந்து தன் இடது காலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இருந்திருக்கும்," என்றார். மற்ற இடங்களில் கேட்டவர்கள், எது இருந்தது என்று விசாரித்து, கால் என்று தெரிந்துகொண்டதும், சரி என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.