வேகம் பூஜ்யம்

அறை விழுந்தபோது வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. டிரைவருக்கு உடனே வலிக்கவில்லை. இடது காதுக்குள் யாரோ தகர டப்பாவைப் போட்டு உதைத்ததுபோல் ஒரு சத்தம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நீளமாய் ஒரு விசில். ஸ்டியரிங் கையைவிட்டு ஒரு முழம் போய்த் திரும்பியது. முன்னால் போன சைக்கிள்காரர் நூலிழையில் தப்பி, காலை ஊன்றி நின்று, அவனுடைய பரம்பரையையே ஒரே மூச்சில் விசாரித்தார். இத்தனைக்கும் காரணமான மஞ்சள் விளக்கு, இன்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் டாஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்தது.

"எரியுது பாரு, உன் லட்சணம்," என்றார் பின்சீட்டில் இருந்தவர். "காலையில நான் ஸ்டார்ட் பண்றேன், பொசுக்குனு எரியுது. அப்ப நேத்து ஓட்டுனவன்தானே கெடுத்திருக்கணும்? படிக்காதவனுக்குக்கூடப் புரியுமேடா இது."

அவருக்குப் 'பொறுமைச் செம்மல்' என்று ஒரு பட்டம் உண்டு. கொடுத்தது நல்லிணக்கப் பேரவை. பேரவையின் தலைவர் யார் என்று கேட்டால் அவரேதான். கேட்டில் ஏழு சங்கங்களின் பெயர்ப்பலகைகள் தொங்கின; எட்டாவதற்கு ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார். பதினெட்டு வயதான இந்த வண்டியை விற்காமல் வைத்திருப்பது எளிமைக்காக. அந்த எளிமையை ஊர் பார்க்க வேண்டுமே என்பதற்காக ஒரு டிரைவர். எல்லாக் கூட்டத்திலும் சினத்தை அடக்குவது பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். வீட்டு வாசலில் கை ஓங்கியதே கிடையாது. வண்டி தெருமுனை தாண்ட வேண்டும், கண்ணாடிகள் நான்கும் ஏற வேண்டும். பின்சீட்டின் இடது மூலையிலிருந்து வலது கையை வீசினால் மோதிரத்தோடு போய் நிற்கும் இடம் டிரைவரின் இடது காது. நான்கு மாதத்தில் பதினோரு முறை விளக்கு எரிந்திருந்தது. பதினோரு முறை.

"இன்னும் ஒண்ணு விழுந்தா இந்தக் காதுக்கு நான் பொறுப்பில்ல," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குக் காது பரிசோதனை உண்டு.

செம்மலைக் கூட்டத்தில் இறக்கிவிட்டு வண்டியை நேராக மைத்துனனின் ஒர்க் ஷாப்புக்கு விட்டான். மனைவியின் தம்பி, கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அழுக்கு.

"மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க. அந்தக் காதுல பேசுனா செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு." மைத்துனன் ஸ்கேனரின் வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகினான். "அக்காகிட்ட காதுல தண்ணி பூந்துடுச்சுன்னு சொன்னீங்களாமே? நாலு மாசமாவா தண்ணி பூருது? காதா அது, கெணறா?"

"நீ வண்டியப் பாரு மாப்ளே."

பார்த்தான். திரையில் அதே கோளாறு நம்பர். இன்ஜின் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. ஆனால் எந்த சிலிண்டர் என்று சொல்லாது. பொத்தாம்பொதுவாக எல்லோர்மீதும் பழி போடும் நம்பர் அது. இதற்காக இரண்டு முறை பிளக் மாற்றியாயிற்று. பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று, பலனில்லை. ஃபில்டர், வயர், எல்லாம் ஆயிற்று. நம்பரை அழித்து அனுப்பினால் பத்து நாள். பிறகு விளக்கு, பிறகு அறை. இன்றும் பிளக்கைக் கழற்றினால் மூன்று வாரம்கூட ஆகாத அதன் முனையில் ஈரக் கரி பிசுபிசுத்தது. பச்சைப் பெட்ரோல் நாற்றம்.

"இது புது மெஷின் மாமா. பழசு நம்பரோட நின்னுடும். வெளக்கு எரிஞ்ச அந்த செகண்டுல வண்டி எப்படி இருந்துச்சுன்னு கம்ப்யூட்டர் எழுதி வச்சிருக்கும், இது அதையும் காட்டும்." திரையைத் துணியால் துடைத்துப் படித்தான். "வேகம், பூஜ்யம். இன்ஜின் சூடு, இருபத்தாறு. ஸ்டார்ட் ஆகி முப்பத்தெட்டு செகண்டு. நிமிஷத்துக்குச் சுத்து..." நிறுத்தினான். "நாலாயிரத்து எழுநூறு. நின்ன எடத்துல, இன்ஜின் பச்சத் தண்ணி மாதிரி இருக்கறப்ப, யாரு மாமா ஆக்ஸிலேட்டர இந்த மிதி மிதிச்சது? இப்படி மிதிச்சுட்டு உடனே ஆஃப் பண்ணுனா பிளக்கு நனையாம என்ன பண்ணும்?"

டிரைவர் யோசித்தான். எட்டு மணிக்கு அவன் போகும்போது பானெட் வெதுவெதுப்பாக இருக்கும். ஷெட் தகரத்தில் இறங்கிய வெயில் என்று நினைத்திருந்தான். சாவி போட்டால் சூட்டு முள் ஏற்கெனவே கொஞ்சம் ஏறி நிற்கும். முள் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தான். செம்மலின் சொற்பொழிவில் ஒரு பகுதி வரும்: தினமும் காலை ஐந்தரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன், ஆயிரம் படி ஏறி இறங்குகிறேன், யாரையும் கடிந்து பேசுவதில்லை, என் வண்டியை நானே எழுப்பி உயிர் கொடுக்கிறேன். முதல் மூன்றும் புளுகு என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். நான்காவது மட்டும் உண்மையாக இருக்கும் என்று யார் கண்டது? இன்று அவர் வாயாலேயே சொன்னதும் காது விசிலில் மூழ்கிப்போயிருந்தது.

மிதிப்பவரும் அறைபவரும் ஒருவரே என்று அவன் சொல்லி முடிக்கும் முன்பே மைத்துனன் வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான்.

"விடுங்க மாமா. அந்தாளு மண்டையிலயும் ஒரு வெளக்கப் போட்டுட்டு வரேன்."

டிரைவர் குறுக்கே பாய்ந்தான். இருவரும் ஆயில் தரையில் வழுக்கி, டயர் அடுக்கில் மோதி, அடுக்கோடு சரிந்தார்கள். ஸ்பேனர் கீழே விழுந்து பக்கத்துக் கார் கதவில் ஒரு குழி போட்டது.

"வாங்கி வாங்கிப் பழகிடுச்சு உங்களுக்கு," என்றான் மைத்துனன் மூச்சிரைக்க. "ஒரு நாள் கெடைக்கலைன்னா தூக்கம் வராது போல."

டிரைவரின் கை அவனைக் கேட்காமலே போனது. பளார்! அந்தச் சத்தத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கும் பக்கத்திலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. உள்ளங்கை ஜிவ்வென்று இனித்தது. அந்த இனிப்புதான் அவனைத் தூக்கிவாரிப் போட்டது. மைத்துனன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து ஸ்கேனரை எடுத்து நீட்டினான். டிரைவர் திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் செம்மலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தெருமுனையில் வண்டியை ஓரம் கட்டி, போனைப் பின்னால் நீட்டினான். "வண்டி நின்னுட்டு இருக்கும்போது யாரோ அழுத்தி மிதிச்சதுல வந்த கோளாறுங்கய்யா. காலையில, நான் வர்றதுக்கு முன்னாடி."

செம்மல் கண்ணாடி மாட்டி நிதானமாகப் படித்தார். நாற்பது வருஷம் மேடையில் பழகிய நிதானம். பிறகு நான்கு கண்ணாடிகளும் ஏறியிருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு டப்பா எனக்குப் பாடம் சொல்லுதா?"

இந்த முறை விசில் கேட்கவில்லை. இடது பக்கம் எதுவுமே கேட்கவில்லை. அவர் உதடுகள் அசைவதைக் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, கழுத்தில் இறங்கிய வெதுவெதுப்பைப் புறங்கையால் துடைத்தான். சிவப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போனான். ஷெட் கதவு திறந்திருந்தது. டிரைவர் சீட்டில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் செம்மல், கண் மூடியிருந்தார். சாவியைத் திருப்பினார், மிதித்தார். ஷெட் கிடுகிடுத்தது. புகை கிளம்பியது. அவர் முகத்தில் கைதட்டல் வாங்குகிற களை.

டிரைவர் கதவைத் திறந்தான். அவர் கண்ணைத் திறந்து, "எட்டு மணிக்குத்தானேடா..." என்று பழக்கதோஷத்தில் கையை ஓங்கினார். முன்சீட்டில் அந்தக் கைக்கு இடமில்லை. ஸ்டியரிங்கில் இடித்து மோதிரம் தெறித்தது. டிரைவர் அந்தக் கையை சீட்டோடு சேர்த்து நசுக்கிப் பிடித்தான். இன்னொரு கையை அவர் வலது முழங்கால்மேல் வைத்தான். மெல்ல உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கினான்.

இன்ஜின் அலறியது. செம்மலும் அலறினார், வாய் திறந்திருப்பதில்தான் அது தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே எட்டிச் சொன்னார்: "ஐயா எழுந்துட்டாரு. மணி ஆறேகால். இன்னிக்கு நல்ல தெம்பாத்தான் எழுந்திருக்காரு."

நிலையாக எரிந்துகொண்டிருந்த மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கைக்கடியில் முழங்கால் எலிபோல் துடித்தது. வேக முள் பூஜ்யத்தில் அசையாமல் கிடந்தது. செம்மல் ஏதோ கெஞ்சுவதுபோல் இருந்தது. டிரைவர் குனிந்து, இடது காதை அவர் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.