ஆறரை மணி ரிக்கார்டு

தபீதாள் டீச்சர் இருபத்தாறு வருஷமாக வேதக்கோவில் கொயரில் ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடிக்கொண்டிருந்தாள். மேல்குரல்காரிகள் ராகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆல்ட்டோக்கள் நாலு பேர் அதற்குக் கீழே இரண்டு மூன்று சுரங்களுக்குள் நின்று முட்டுக்கொடுக்க வேண்டும். அவர்கள் பாடாவிட்டால் பாட்டு வெறிச்சென்று போகும். பாடினாலோ, பாடுகிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது. அப்படி ஓர் இடம் அது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை அவளுக்கு வீடு. கல்யாணம் கூடிவரவில்லை. தம்பி அசரியா எத்தியோப்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனபோது, ரிக்கார்டுகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு ரிக்கார்டு பிளேயரை மட்டும் இவளிடம் விட்டுப் போனான். ஆறு வருஷம் அது துணி மூடிக்கொண்டு சும்மா கிடந்தது.

எழுபத்திரண்டில் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ரஷ்யப் புத்தக வேன் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் புத்தகம் வாங்கப் போனவளிடம் வேன்காரர் அட்டை கிழிந்த ஒரு ரிக்கார்டையும் நீட்டினார்.

"சிம்பொனி மேடம். யார் போட்டதுன்னு எனக்கும் தெரியாது. எல்லாம் அவங்க எழுத்துல கீது. எடுத்துக்கினு போங்க, யாரும் கேக்க மாட்டேன்றாங்க."

நினைத்த நேரத்தில் அதைப் போட்டுவிட முடியாது. கீழ்வீட்டுக்காரர் சிட்டிபாபுவுக்கு ஃபாக்டரியில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். மாடியில் டம்ளர் உருண்டால்கூட அவர் மனைவி காந்தா படியேறி வந்துவிடுவாள். கோடை லீவிலோ டீச்சர் தெற்கே நாசரேத் ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். ஆகவே சிட்டிபாபு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, சாயங்காலம் ஆறரைக்குத்தான் ரிக்கார்டு சுற்றும்.

முதல் நாள் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஏகப்பட்ட வயலின்கள் தமக்குள் பேசி ஓய்ந்தன. பிறகு, யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்ததுபோல, ராகம் நடுக்குரலுக்கு வந்தது. வயோலாக்கள். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். உயரமும் இல்லை, ஆழமும் இல்லை. அது ஆல்ட்டோவின் இடம். மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் விட மனமில்லாமல் அவை பாடிக்கொண்டு போக, மேல்குரல்களெல்லாம் கீழே இறங்கி முட்டுக்கொடுத்தன. தபீதாள் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று.

அதற்குப் பிறகு வேன் வரும்போதெல்லாம் தேடிப்போய் இன்னும் மூன்று ரிக்கார்டுகள் வாங்கினாள். ஒன்றில் மணிகள் அடித்தன, ஒன்றில் கடல் மாதிரி ஏதோ புரண்டது. மூர் மார்க்கெட் கடையில் விசாரித்தால், ரஷ்யா என்றதும் எல்லாருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பேர் ஒன்றைத்தான் சொன்னார்கள். "அவரை விட்டா வேற யாருமில்லைங்க" என்றார் கடைக்காரர். தன்னுடைய ஆள் அந்த ஊரிலேயே ஆல்ட்டோ போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எத்தனை வாங்கினாலும் தினமும் போட்டது அந்த முதல் ரிக்கார்டைத்தான்.

"இன்னா டீச்சர், டெய்லி ஒரு சாவு வுழுதா அந்த ஊர்ல?" என்று காந்தா படியில் நின்று கேட்பாள்.

"நல்லா இல்லையா காந்தா?"

"நல்லாதான் கீது. சோறு எறங்க மாட்டேங்குது, அவ்ளோதான்."

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. கேட்கக் கேட்க ஒரே ஓர் ஆசை மனதில் ஊன்றிக்கொண்டது. ஒரு தடவையாவது ஆல்ட்டோக்கள் இதைப் பாட வேண்டும், தான் தனியாகக் கேட்டதை இன்னொரு தொண்டையிலிருந்தும் கேட்க வேண்டும். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, கொயர்ப் புத்தகத்தில் போடுவதுபோல டோ, ரே, மி என்று சோல்ஃபா எழுத்தில் ஒரு நோட்டு நிறைய எழுதினாள். 'மிக மெதுவாக' என்று மேலே எழுதிக் கோடு போட்டாள்.

நோட்டைக் கொயர் மாஸ்டர் வேதசிரோமணியிடம் கொடுத்தாள். அவர் ரயில்வே ஆபீசில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷன். "ரிக்கார்டையே கேட்டுரலாமே டீச்சர்" என்று ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். அந்த வாரம்தான் முதல் தடவையாகச் சிட்டிபாபுவுக்குப் பகல் ஷிப்ட். கதவு திறந்திருக்க, நிலைப்படியில் காந்தா முறத்தோடு உட்கார்ந்து அரிசி பொறுக்கினாள்.

தபீதாள் ஊசியை வைத்தாள். வயலின்கள் படபடவென்று பேசின. இவள் குனிந்து வேகத் திருகைப் பார்த்தாள், அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. வயோலாக்கள் வந்தன, துள்ளிக்கொண்டு, இவள் குரலுக்கு எட்டாத உயரத்தில், திருவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளைகள் மாதிரி.

"இன்னா டீச்சர், இன்னிக்கு டான்ஸ் ஆடுது?" என்றாள் காந்தா.

வேதசிரோமணி நோட்டைப் பார்த்தார், ரிக்கார்டைப் பார்த்தார். "நீங்க இதை எப்ப கேப்பீங்க டீச்சர்?"

"சாயங்காலம். ஆறரைக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலியில்லை. "அப்ப ஊரே லைட்டைப் போட்டிருக்கும். வோல்டேஜ் எங்க இருக்கும்? எங்க வீட்டு ஃபேன் றெக்கையை எண்ணலாம். மோட்டார் இழுத்துக்கிட்டு சுத்தியிருக்கு. இதுதான் டீச்சர் நிஜ ஸ்பீடு. கிறிஸ்துமஸுக்குப் பிரமாதமா இருக்கும்."

ரிக்கார்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனார். காந்தா அரிசியைப் புடைத்துக்கொண்டு, "சோகம்னு நெனச்சிகினு நானும் ரெண்டு வாட்டி அழுதேனே" என்றாள். தபீதாள் பிளேயரைத் துணியால் மூடினாள். இரண்டு வருஷம் தான் கேட்டது எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒத்திகையில் எல்லாருக்கும் தாள் கொடுத்தார்கள். வேகம் நிஜ வேகம். ராகம் மேல்குரலுக்குப் போயிருந்தது. ஆல்ட்டோவுக்கு வழக்கம்போல இரண்டு சுரம். வார்த்தையே இல்லாத ரஷ்யப் பாட்டு என்று பையன்கள் கிண்டலடித்தாலும் குஷியாகப் பாடினார்கள். "டீச்சர் கொண்டாந்தது" என்று வேதசிரோமணி பெருமையாகச் சொன்னார். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுடைய பாட்டை அங்கே யாரும் பாடவில்லை.

முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில், அவள் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். கொயர் மாஸ்டரின் கால்மிதி ஆர்மோனியத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு தடவை நான் எழுதினபடி பாடலாமா? ஆல்ட்டோ மட்டும்."

"அது தப்புன்னு பாத்தமே டீச்சர்."

"தப்புதான் சார். ஒரு தடவை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். இரண்டு ஆல்ட்டோக்கள் பல்லாவரம் போகிற ரயிலுக்கு ஏற்கனவே ஓடிவிட்டார்கள். மெட்டில்டா மட்டும் இருந்தாள், போன வருஷம் சேர்ந்த நர்ஸ். பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

இருவரும் ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வேதசிரோமணியின் கால் வேகமாக மிதிக்கப் பார்த்தது, தபீதாள் விடவில்லை, இழுத்துப் பிடித்தாள். முதல் அடி சேர்ந்து போயிற்று. இரண்டாவது அடியில் மெட்டில்டா நின்றுவிட்டாள். தபீதாள் தனியாகவே பாடினாள். வரி நீண்டுகொண்டே போயிற்று. நடுவில் மூச்சு தீர்ந்து, ராகம் இரண்டாக அறுந்தது.

"ரொம்ப இழுக்குது" என்றார் வேதசிரோமணி மெதுவாக. சாவியை எடுத்தார்.

மெட்டில்டா இன்னும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதுல எங்க மூச்சு விடறது?"

தபீதாளும் குனிந்து நோட்டைப் பார்த்தாள். ரிக்கார்டுக்கு மூச்சு வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் அதை யோசிக்க வேண்டி வந்ததே இல்லை.

"இது ஒரு ஆளால முடியாதுக்கா. நீங்க விடறப்ப நான் விடாம இருக்கணும். நான் விடறப்ப நீங்க. அப்பதான் அறுந்து போகாது." அதற்குள் வெளியே பஸ் சத்தம். "எங்கன்னு போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அடுத்த வாரம் அவளுக்கு டியூட்டி இருக்கலாம், மறந்தும் போகலாம். வேதசிரோமணி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று தபீதாள் பென்சிலை எடுத்தாள். மூன்றாவது சுரத்துக்குப் பிறகு தன் மூச்சுக்கு ஒரு சின்னக் கோடு போட்டாள். பிறகு வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்து, ஐந்தாவது சுரத்துக்குப் பிறகு மெட்டில்டாவுக்கு ஒன்று போட்டாள்.