இறால் பரிசோதகரின் பரிசுத்தம்

இறால் பதனிடும் ஆலையில் தரப் பரிசோதகராக இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதப்பாட வகுப்பிலிருந்து பரிசுத்தவானாகத் திரும்பி வந்தார். வாரத்தில் ஆறு நாள் பெட்டி பெட்டியாக இறாலை முகர்ந்து பார்த்து 'சுத்தம்' என்று முத்திரை குத்தும் மனிதர், அன்று சாப்பாட்டு மேசையில் இறால் வறுவலைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்தார்.

"துடுப்பும் செதிலும் இல்லாதது அருவருப்புன்னு வேதத்துல இருக்கு. இனிமே இந்த வீட்டுக்குள்ள இறால் வரக் கூடாது."

"கொண்டு வர்றதே நீங்கதானே?" என்றாள் மனைவி. "அதெல்லாம் பழைய சட்டம்னு போதகரே சொல்லுவாரே."

"பரிசுத்தத்துல என்னடி பழசு, புதுசு?"

மனைவி தையல்காரி. சண்டை போடாமல், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வேதத்தைப் புரட்ட உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க, வெட்டுக்கிளி சாப்பிடலாமாம். பிடிச்சிட்டு வாங்க, வறுத்துத் தர்றேன்."

அவர் காதில் வாங்கவில்லை.

"ரெண்டு நூல் கலந்த துணி உடுத்தக் கூடாதாம். உங்க சட்டை பாதி பருத்தி, பாதி பாலியஸ்டர். நான்தானே தைச்சேன். கழட்டுங்க."

கழற்றிவிட்டார். பனியனோடு நின்றவரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஏதாவது ஒன்றிலாவது உருப்படியாக நல்லவனாகிவிட வேண்டும் என்ற தவிப்பு அந்த முகத்தில் இருந்தது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. இருந்தாலும் விடவில்லை.

"அதே பக்கத்துல இன்னொண்ணும் இருக்கு. கோள் சொல்லித் திரியக் கூடாதாம்."

அங்கேதான் மனிதர் ஆடிப்போனார். தன் அண்ணியைப் பற்றிப் பேசாமல் அவருக்கு ஒரு வேளைச் சோறும் இறங்கியதில்லை.

"அதையும் விட்டுட்டாப் போச்சு" என்றார் வீராப்பாக.

இறாலை மறப்பது சுலபமாகவே இருந்தது. பேச்சுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. இரண்டு நாள் சோற்றைப் பிசைந்தபடி சுவரையே பார்த்தார். புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவரின் முகம் பளபளத்தது. ஏதோ பெரிய சங்கதி. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். இன்னொன்றும் குடித்தார்.

தையல் இயந்திரம் நின்றது.

"உங்க அண்ணி வீட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு டம்ளர் தண்ணி?"

"சொன்னா பாவம்டி."

"நீங்களாச் சொன்னாத்தான் கோள். நான் கேட்டு நீங்க சொன்னா அது பதில்."

அவர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னார்.

இருவருக்கும் நல்ல பசி. அவசரத்துக்கு நாலு முட்டை பொரித்தாள். முட்டையைப் பற்றி வேதத்தில் என்ன இருக்கிறதென்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.